முள்ளெலியும் மூஞ்சூறும்: மாத்தளை மலைகளை முன்வைத்து ஒரு கூர்ப்பியல் நோக்கு

முன்னுரை

மாத்தளை மாவட்டத்துத் தோட்ட லயங்களிலும் கிராமத்து வீடுகளிலும் இரவு வேளையில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூற்றை அறியாதார் இலர். நீண்ட மூக்கும் சிறிய கண்ணும் கடுநாற்றமும் உடைய இப்பிராணியை நம்மவர் எலி வகையுள் ஒன்றாகவே எண்ணி வந்துள்ளனர். பிள்ளையாரின் ஊர்தியை ஓரிடத்தில் எலி என்றும் மற்றோரிடத்தில் மூஞ்சூறு என்றும் வழங்குவது இவ்வெண்ணத்தின் விளைவே எனலாம். ஆயின் விலங்கியலார் நோக்கில் இவை இரண்டும் மிகத் தொலைவான உறவினவாகும். எலி கொறிக்கும் விலங்குகளின் வருணத்தைச் சேர்ந்தது. மூஞ்சூறோ பூச்சிகளையும் புழுக்களையும் வேட்டையாடி உண்ணும் வேறொரு வருணத்தைச் சேர்ந்தது. மரபணு ஆய்வுகளின்படி, குரங்கும் மனிதனும் அடங்கிய கிளைக்கு எலி அண்மையில் நிற்கின்றது. வௌவால், நாய், மாடு ஆகியவை அடங்கிய கிளையில் மூஞ்சூறு இடம் பெறுகின்றது.

மூஞ்சூற்றின் நெருங்கிய உறவினன் முள்ளெலி ஆகும். இலங்கைத் தமிழர் பலர் முள்ளெலி என்றதும் முள்ளம்பன்றியை நினைப்பர். முள்ளம்பன்றி கொறிக்கும் விலங்கு. முள்ளெலிக்கு அது எவ்வகையிலும் உறவன்று. முள்ளெலி இலங்கையில் இல்லை என்பதே இக்குழப்பத்துக்குக் காரணம். பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் திருநெல்வேலி, தூத்துக்குடி முதலிய வறண்ட மாவட்டங்களில் அது இன்றும் வாழ்கின்றது. 1851 ஆம் ஆண்டில் ஹோர்ஸ்பீல்ட் என்பார் சென்னையிலிருந்து பெற்ற மாதிரியைக் கொண்டு இவ்வினத்தை விவரித்தார். பராஎக்கைனஸ் நுடிவென்றிஸ் என்பது அதன் இன்றைய அறிவியற் பெயர். குழந்தைகளின் கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளை மருந்தாகக் கருதும் வழக்கம் அப்பகுதிக் கிராமங்களில் உண்டு.

கடலுக்கு அப்பால் உள்ள முள்ளெலி இங்கு இல்லாமற் போனதேன்? இங்குள்ள மூஞ்சூறுகள் எங்கிருந்து வந்தன? இவற்றை அறிவதற்கு மாத்தளை மண்ணில் எவ்வகைச் சான்றுகள் கிடைக்கக்கூடும்? இவ்வினாக்களை முன்வைத்துப் பண்டைச் சிறு முலையூட்டிகளின் கூர்ப்பினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூச்சியுண்ணிகள் என்ற வகுப்பு

சிறிய உடலும் நீண்ட மூக்கும் பூச்சியுணவும் உடைய முலையூட்டிகள் யாவற்றையும் ஒரே வருணத்துள் அடக்கிப் 'பூச்சியுண்ணிகள்' என வழங்குவது நெடுங்கால மரபாகும். மூஞ்சூறு, முள்ளெலி, அகழெலி ஆகியவற்றுடன் ஆபிரிக்காவின் பொன் அகழெலி, மடகஸ்காரின் தென்ரெக், ஆசியாவின் மர மூஞ்சூறு முதலியவும் ஒரு காலத்தில் இதனுள் வைக்கப்பட்டன. 1866 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் ஹெக்கல் குடலமைப்பைக் கொண்டு இவற்றை இரு கூறாகப் பிரித்தார். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள குருட்டுக்குடல் இல்லாதவை ஒரு கூறாகவும், உள்ளவை மற்றொரு கூறாகவும் கொள்ளப்பட்டன. மர மூஞ்சூறும் யானை மூஞ்சூறும் இவ்வாறு விலகின.

1998 ஆம் ஆண்டளவில் மரபணு ஒப்பீடுகள் மேலும் ஒரு பிரிவினையைக் காட்டின. தென்ரெக்கும் பொன் அகழெலியும் யானை, கடற்பசு ஆகியவற்றோடு கூடிய ஆபிரிக்கக் கிளையைச் சேர்ந்தவை எனத் தெரியவந்தது. மடகஸ்காரில் முள் போர்த்த தென்ரெக் ஒன்று உண்டு. தோற்றத்தில் அது முள்ளெலியே போன்றது. உறவில் யானைக்கு அண்மையது. ஒரே வகை வாழ்க்கை முறை தொடர்பற்ற இரு விலங்குகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. இதனை ஒருங்கு கூர்ப்பு என்பர்.

இவ்வாறு விலக வேண்டியவை விலகியபின் எஞ்சியவை மூஞ்சூறு, முள்ளெலி, அகழெலி ஆகியனவும், மேற்கிந்தியத் தீவுகளின் சொலினொடன் என்னும் பிராணியுமே. இவையே இன்று ஒரு வருணமாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் மூஞ்சூறும் முள்ளெலியும் உடன்பிறப்புக் குடும்பங்கள் என்பதும், அகழெலி அவற்றிலிருந்து சற்று முன்னரே பிரிந்தது என்பதும் மரபணு ஆய்வுகளின் முடிபு. புறத்தோற்றம் கொண்டு உறவை உய்த்துணர்வது எத்துணை இடர்ப்பாடானது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. அவ்வாறாயின், எலும்பே அரிதாகக் கிடைக்கும் பண்டைக் கால உயிர்களின் உறவை எதனைக் கொண்டு அறிவது?

பல் என்னும் ஆவணம்

யானையின் எலும்பு ஆற்றுமணலில் புதைந்தால் ஆயிரமாண்டுகள் கழிந்தும் ஒரு பகுதியேனும் எஞ்சும். மூஞ்சூற்றின் எலும்போ ஈர்க்கினும் மெல்லியது. புலியும் ஆந்தையும் தின்ற எச்சத்தையும், எறும்பும் மழைநீரும் மண்ணின் அமிலமும் சில ஆண்டுகளில் அழித்துவிடும். எஞ்சி நிற்பது பல் ஒன்றே. பல்லை மூடியுள்ள மிளிரி என்னும் படை முலையூட்டி உடலின் மிகக் கடினமான பொருளாகும். ஆகவே சிறு முலையூட்டிகளின் வரலாறு பெரும்பாலும் பற்களின் வரலாறேயாம்.

பல் எஞ்சுவதோடு பயன் முடிவதில்லை. அது பேசவும் செய்கின்றது. நமது மரபில் வந்த முலையூட்டிகளின் கடைவாய்ப்பற்களில் ஒரு சிறப்பமைப்பு உண்டு. மேற்பல்லின் உட்புறத்துக் கூர்முகடு கீழ்ப்பல்லின் பின்பக்கக் குழிவில் வந்து பொருந்தும். உரலில் உலக்கை விழுவது போன்ற அமைப்பு இது. முகடுகளின் விளிம்புகள் ஒன்றையொன்று உரசி வெட்டும், குழிவு நசுக்கும். வெட்டுதலும் நசுக்குதலும் ஒரே கடியில் நிகழ்வதால் வண்டின் கடின ஓட்டையும் புழுவின் மென்தசையையும் ஒருங்கே உண்ண இயலுகின்றது.

இவ்வடிப்படை அமைப்பு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வொரு வகையாக மாறியுள்ளது. மூஞ்சூற்றின் மேற்கடைவாய்ப்பல்லின் வெளிப்புற விளிம்பை மேலிருந்து நோக்கினால், அடுத்தடுத்து வரைந்த இரண்டு ஆப்புகள் போன்ற வளைந்து மடியும் கோடு தெரியும். அது பூச்சியைத் துணிக்கும் கத்தரியாகும். பழமும் முட்டையும் உட்பட எதனையும் உண்ணும் முள்ளெலியின் கடைவாய்ப்பல்லோ ஏறக்குறையச் சதுரமானது. முகடுகள் தாழ்ந்து நான்கு மூலைகளிலும் நிற்கும். ஆகவே கையில் ஒரே ஒரு பல் கிடைப்பினும் அது எக்குடும்பத்தது எனக் கூற இயலும். தாடைத்துண்டு கிடைத்தாற் சாதியையும் கூறலாம். மேற்றாடையில் முன் வெட்டும்பல்லுக்குப் பின்னால் ஒற்றைக் கூருடைய சிறு பற்கள் குரோசிடூரா என்னும் சாதியில் மூன்றும், வீட்டு மூஞ்சூறு அடங்கிய சங்கஸ் சாதியில் நான்கும் உள்ளன.

பண்டைச் சிறு முலையூட்டிகளும் தக்கணத்துச் சான்றுகளும்

முலையூட்டிகள் இராட்சத ஊர்வனவற்றின் அழிவுக்குப் பின்னரே தோன்றின என்பது பொதுமக்களிடையே நிலவும் கருத்து. இது சரியன்று. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே முலையூட்டி மரபின் முன்னோடிகள் உலகில் இருந்தன. சீனாவின் யுனான் மாநிலத்தில் கிடைத்து 2001 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ஹட்ரோகோடியம் என்னும் பிராணி ஏறக்குறைய 19 கோடியே 50 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது. அதன் நிறை 2 கிராம் அளவினதாகக் கணிக்கப்பட்டுள்ளது. இலங்கையிலும் காணப்படும் எத்துருஸ்கன் குறுமூஞ்சூற்றின் நிறையும் அதுவே. பெரிய ஊர்வன பகலை ஆண்ட காலத்தில் சிறிய உடலோடு இரவில் இயங்கிப் பூச்சிகளை உண்டு வாழ்வதே முலையூட்டிகள் பலவற்றுக்கு உரிய வழியாக இருந்தது. மூஞ்சூறு அக்காலத்து உயிரன்று. எனினும் அவ்வாழ்க்கை முறையை இன்றும் நம் கண்முன் நடத்திக் காட்டும் உயிர் அது எனலாம்.

இலங்கை இந்தியத் தட்டின் ஒரு பகுதியாதலின், இந்தியாவின் பழைய முலையூட்டிகள் நமக்கும் உரிய சான்றுகளாகும். ஏறக்குறைய 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடகஸ்காரிலிருந்து பிரிந்த இத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அந்நகர்வின் இறுதிக் கட்டத்தில் தக்கணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவிற்று. இரண்டு பரவல்களுக்கு இடைப்பட்ட காலங்களில் ஏரிகளும் குளங்களும் தோன்றின. அவற்றின் வண்டல், அடுத்துப் பரவிய குழம்பின் கீழ்ப் பாதுகாப்பாக மூடப்பட்டது. இன்றைய தெலுங்கானாவில் உள்ள நஸ்கல் என்னும் இடத்தில் இத்தகைய வண்டலை நீரில் கரைத்துச் சல்லடையில் அரித்தபோது கிடைத்த பற்களைக் கொண்டு, 1988 ஆம் ஆண்டில் பிரசாத், சாஹ்னி ஆகிய இருவரும் தெக்கனோலெஸ்தெஸ் என்னும் சாதியை விவரித்தனர். இந்தியாவின் கிரெற்றேசியக் காலத்து முலையூட்டிகளுள் முதன்முதலாக அறியப்பட்டது இதுவே. ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய இப்பற்கள் அரிசியின் நொய்யினும் பெரியவையல்ல.

இதன் உறவு எது என்பதில் அறிஞரிடையே கருத்து மாறி வந்துள்ளது. முதலில் இது பூச்சியுண்ணும் பழங்குடும்பமொன்றைச் சேர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. பின்னர்க் கிடைத்த கணுக்கால் எலும்புகள் இது மரமேறி வாழ்ந்த உயிர் என்பதைக் காட்டின. ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் கிடைத்த சில பழைய இனங்களோடு இதற்கு உறவு உண்டெனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. நஞ்சுக்கொடியுடைய முலையூட்டிகளின் இன்றைய கிளைகள் பிரிவதற்கு முற்பட்ட அடிமரத்தில் இதனை வைப்பாரும் உளர். எவ்வாறாயினும், பாறைக் குழம்பு பரவிய நிலத்திலும் மூஞ்சூற்றளவான முலையூட்டிகள் வாழ்ந்தன என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகின்றது.

பல்லைச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடரையும் இந்தியாவே காட்டியுள்ளது. மத்தியப் பிரதேசத்தின் திகி என்னும் பாறைத்தொகுதியில் கிடைத்ததாகக் கொள்ளப்பட்ட ஒரு மேற்கடைவாய்ப்பல்லைக் கொண்டு 2005 ஆம் ஆண்டில் திகிதீரியம் என்னும் பிராணி விவரிக்கப்பட்டது. திரியாசிக் காலத்துப் பாறை அதுவாதலின், 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை அப்பல்லுக்கு ஏற்றப்பட்டது. அக்காலத்துக்கு மிகவும் முன்னேறிய வடிவம் எனப் பலரும் அதனை வியந்தனர். 2024 ஆம் ஆண்டில் அவேரியானோவ், வொய்ற்றா ஆகிய உருசிய ஆய்வாளர் அப்பல்லை மூஞ்சூறுகளின் பற்களோடு ஒப்பிட்டு, அது பிற்காலத்து மூஞ்சூறு ஒன்றின் பல்லே என வாதிட்டனர். ஒரு பல்லின் வடிவம் உண்மையே பேசினும், அது எந்த மண்ணில் எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெளிவாக இல்லாதவிடத்து அதன் காலக்கணிப்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் பிழைத்துவிடலாம் என்பது இதனாற் பெறப்படும் பாடமாகும்.

முள்ளெலிக் குடும்பத்தின் உயிர்ச்சுவடுகள்

முள்ளெலிக் குடும்பம் இன்று இரண்டு பகுதிகளைக் கொண்டது. முள் உடையவை ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா ஆகிய கண்டங்களில் வாழ்கின்றன. முள் இல்லாது மயிர் போர்த்தவை தென்கிழக்காசியக் காடுகளில் வாழ்கின்றன. பின்னவற்றைக் கண்டவர் பெரிய மூஞ்சூறு என்றே கருதுவர். உயிர்ச்சுவடுகளை நோக்கின், இக்குடும்பத்தின் பழைய உறுப்பினர் பலரும் மயிர் போர்த்த வகையோடு நெருங்கியவராகக் காணப்படுகின்றனர். எனவே முள்ளெலிக்குப் பெயர் தந்த முள் அக்குடும்பத்தின் வரலாற்றிற் பிந்தி வந்த அணிகலன் எனக் கொள்ளலாம்.

கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாநிலத்தில் கிடைத்த சில்வக்கோலா என்னும் முள்ளெலி 2014 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. அது 5 கோடியே 20 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது. நீளம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரையில் மட்டுமே. ஜேர்மனியின் மெசெல் ஏரிப் படிவில் 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட முள்ளெலி உறவினங்களின் முழு எலும்புக்கூடுகள், போர்த்திருந்த மயிரின் தடத்தோடும் கிடைத்துள்ளன. நமது துணைக்கண்டத்தில், பாக்கிஸ்தானின் சிவாலிக் படிவுகளில் மயோசீன் காலத்துக்குரிய கலெறிக்ஸ் என்னும் முள்ளற்ற முள்ளெலியின் பற்கள் கிடைத்துள்ளன.

இக்குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினன் இத்தாலியில் வாழ்ந்தது. இன்றைய கார்கானோ பகுதி மயோசீன் காலத்தின் பிற்பகுதியில் தீவாக இருந்தது. ஊனுண்ணும் பெருவிலங்குகள் அற்ற அத்தீவில் முள்ளெலிக் குடும்பத்து இனமொன்று 20 சென்ரிமீற்றர் நீளமான மண்டையோட்டை உடையதாக வளர்ந்தது. டெய்னோகலெறிக்ஸ் எனப் பெயரிட்டு 1972 ஆம் ஆண்டில் இதனைப் பிரைடென்தால் விவரித்தார். தனித்த தீவு ஓர் உயிரின் உருவத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இது சான்று. தீவாகிய இலங்கையிலும் அதனுள் தீவு போன்று உயர்ந்து நிற்கும் மலைகளிலும் சிறு முலையூட்டிகளுக்கு யாது நிகழ்ந்தது என்பதை அடுத்து நோக்குவோம்.

மாத்தளையின் பாறையும் மண்ணும்

மாத்தளை மாவட்டத்தின் அடிப்பாறைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகளாகும். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு இன்றைய நிலையை அவை அடைந்தன. முலையூட்டிகள் தோன்றுவதற்கு வெகு காலம் முற்பட்ட இப்பாறைகளில் அவற்றின் உயிர்ச்சுவட்டைத் தேடுவது வீண். நஸ்கலில் எரிமலைக் குழம்பு காத்துத் தந்ததைப் போன்ற ஏரி வண்டலும் இங்கில்லை. ஆகவே இம்மாவட்டத்தில் சான்று தேடத்தக்க இடங்கள் இரண்டே: ஆற்றுப் படிவும் குகை மண்ணும்.

ஆற்றுப் படிவின் பயனை இரத்தினபுரி காட்டிற்று. அங்கு மாணிக்கக் கல் அகழ்ந்த குழிகளில் வெளிப்பட்ட எலும்புகளையும் பற்களையும் கொண்டே தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பீ. ஈ. பி. தெரணியகலை இலங்கையில் ஒரு காலத்தில் காண்டாமிருகமும் நீர்யானையும் வாழ்ந்தன என நிறுவினார். 1939 ஆம் ஆண்டில் குருவிட்டையில் கிடைத்த பற்களைச் சான்றாகக் கொண்டு சிங்கமும் இங்கிருந்தது எனக் காட்டினார். 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு ஏறக்குறைய 16,500 ஆண்டுகளுக்கு முன் புலியும் இங்கு வாழ்ந்ததை எடுத்துரைத்தது. மாத்தளையின் கிழக்கெல்லையை ஒட்டி அம்பன் கங்கை, களு கங்கை ஆகியவற்றின் பள்ளத்தாக்குகளிலும் எலஹெர மாணிக்கப் படுகை பரந்துள்ளது. ஆயினும் மாணிக்கம் அரிப்போரின் கூடையில் யானையின் பல் தங்குமேயன்றி மூஞ்சூற்றின் பல் தங்காது. அது கழிவுநீரோடு ஓடிவிடும்.

சிறு முலையூட்டிகளுக்கு உற்ற களஞ்சியம் குகையே. ஆந்தை இரவில் எலியையும் மூஞ்சூற்றையும் விழுங்கி, செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். குகையில் தங்கும் ஆந்தை ஒன்று ஆண்டொன்றில் நூற்றுக்கணக்கான தாடைகளை ஒரே இடத்திற் சேர்த்துவிடும். மழைபடாத உலர்ந்த மண்ணும், சுண்ணாம்பு கலந்த நீரும், சாம்பலும் அவற்றைக் காக்கும். ஈரவலயத்துக் குகைகளிலும் இது நிகழ்ந்துள்ளது. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்கலைக் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர் குரங்குகளையும் அணில்களையும் வேட்டையாடி உண்டனர் என்பதை அங்குக் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2019 ஆம் ஆண்டில் ஆய்வாளர் நிறுவினர். மாத்தளை மாவட்டத்தில் சிகிரியாவை அடுத்த அலிகல, பொத்தான ஆகிய கற்குகைகள் தொல்லியலாரால் அகழப்பட்டுள்ளன. தம்புள்ளை முதல் நாவுல வரையிலும் மலையடிவாரங்களில் சிறியனவும் பெரியனவுமாகக் கற்குகைகள் பல உள. மாவட்டத்தின் சில பகுதிகளில் பளிங்குருவான சுண்ணாம்புக்கல்லும் உண்டு.

மலைகளில் வாழும் மூஞ்சூறுகள்

மண்ணின் சான்று இவ்வாறு மறைந்து கிடக்க, வாழும் சான்று மலைகளில் இயங்கிக்கொண்டிருக்கின்றது. இலங்கை மூஞ்சூறுகளை முதலில் முறையாக ஆய்ந்தவர் இந்நாட்டிற் பிறந்த மருத்துவரான கெலாட் ஆவார். 1850 ஆம் ஆண்டில் அவர் நுவரெலியா மலைகளிலிருந்து சங்கஸ் மொண்டானஸ், நீண்ட நகமுடைய பெரோகியூலஸ் ஆகிய இரு மூஞ்சூறுகளை விவரித்தார். 1924 ஆம் ஆண்டில் ஓல்ட்பீல்ட் தோமஸ் மற்றொரு நீள்நக மூஞ்சூற்றைக் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளரான பியர்சனின் பெயரால் சொலிசோரெக்ஸ் பியர்சனி என வழங்கினார். இச்சாதி இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்னும் தோட்டத்துரை. 1929 ஆம் ஆண்டில் குரோசிடூரா மியாவையும் 1932 ஆம் ஆண்டில் மலைநாட்டுக் குறுமூஞ்சூறு ஒன்றையும் அவர் விவரித்தார். 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது இலங்கை முலையூட்டிகள் பற்றிய கைநூல் இன்றும் இத்துறைக்கு அடிப்படையாகும். மாத்தளை அவரது ஆய்வுக்களங்களுள் ஒன்று. 1932 ஆம் ஆண்டில் உடற்கூற்றியலாளரான ஒஸ்மன் ஹில்லோடு சேர்ந்து அவர் விவரித்த தேவாங்கு வகை கம்மடுவைப் பகுதியின் மௌசாக்கந்தையிற் பெறப்பட்டதே. பெயர்களும் கவனிக்கத்தக்கன. 'மியா' என்பது எலியைக் குறிக்கும் சிங்களச் சொல். 2007 ஆம் ஆண்டில் சிங்கராஜக் காட்டிலிருந்து விவரிக்கப்பட்ட இனத்துக்கு மூஞ்சூற்றைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகிய 'ஹிக்மியா' என்பதே பெயராயிற்று. நாட்டு மக்களின் சொல் அறிவியற் பெயராக நிலைபெற்றமைக்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஹிக்மியாவும் மியாவும் தோற்றத்தில் ஒத்தவை. மரபணுவையும் மண்டையோட்டின் அளவுகளையும் ஒப்பிட்டபோதே அவை வெவ்வேறு இனங்கள் என்பது புலனாயிற்று. இவ்வாறே, தென்னிந்திய மலைகளிலும் உள்ளது என நெடுங்காலம் கருதப்பட்ட சங்கஸ் மொண்டானஸ் இலங்கைக்கே உரியது என்பதும் இந்நூற்றாண்டின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் இலங்கையும் இந்தியாவும் மீண்டும் மீண்டும் நிலத்தால் இணைந்திருந்தும், மழைக்காட்டு உயிர்கள் பல இரு புறமும் தனித்தனியே கூர்ப்படைந்தன என 2004 ஆம் ஆண்டில் பொசூயிற் முதலானோர் தவளை, நண்டு, பாம்பு முதலிய குழுக்களைக் கொண்டு காட்டினர். நிலப்பாலம் இருந்தும் ஈரக்காட்டு உயிர்களுக்கு அது பாலமாகப் பயன்படவில்லை; இடையிற் கிடந்த வறண்ட சமநிலம் கடலைப் போன்றே தடையாயிற்று.

மாத்தளையின் நக்கிள்ஸ் மலைத்தொடர் இத்தனிமையின் உச்ச எடுத்துக்காட்டாகும். மகாவலியின் தும்பறைப் பள்ளத்தாக்கு அதனை மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து பிரிக்கின்றது. 2006 ஆம் ஆண்டில் இங்கிருந்து விவரிக்கப்பட்ட கொபோற்றிஸ் தும்பறா என்னும் குறும்பல்லி இம்மலைத்தொடருக்கே உரியது. அதன் ஒரே உடன்பிறப்பு இனம் பள்ளத்தாக்குக்கு அப்பால் வாழ்கின்றது. பல்லிக்கு நிகழ்ந்த பிரிவு மூஞ்சூறுக்கும் நிகழ்ந்திருக்கக்கூடுமா என்பது இயல்பாக எழும் வினா. அதற்கு விடை காணும் வாய்ப்பு அக்காடு உள்ளவரையே உண்டு.

முள்ளெலி இல்லாமை பற்றி

ஈரக்காட்டு மூஞ்சூறுகள் கடக்கவியலாத வறண்ட நிலம் முள்ளெலிக்கு உவந்த நிலமாகும். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதினும் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பெரும்பாலும் 15 மீற்றர் ஆழத்தையும் எட்டாத பாக்கு நீரிணை அன்று முள்ளும் புதரும் வளர்ந்த சமவெளியாக இருந்திருத்தல் வேண்டும். மன்னார் முதல் மாத்தளையின் வடக்குச் சமநிலம் வரையிலும் முள்ளெலிக்கு ஏற்ற சூழல் இன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் திருநெல்வேலி, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை கால்நடையாக வந்த வழியும் அதுவே. முள்ளெலியை அறிந்த மக்கள் முள்ளெலி இல்லாத மலைக்கு வந்து சேர்ந்தனர்.

அது ஒருபோதும் இங்கு வரவில்லையா, அன்றி வந்து அழிந்ததா? இன்று இல்லாமை அன்று இல்லாமைக்குச் சான்றாகாது என்பதைச் சிங்கம் உணர்த்துகின்றது. குருவிட்டையின் பற்கள் கிடைக்காதிருப்பின், சிங்கம் இலங்கைக் காட்டில் திரிந்தது என எவரும் துணிந்து கூறியிரார். சிங்கத்தின் பல் கண்ணுக்குத் தப்பாதது. முள்ளெலியின் பல் சில மில்லிமீற்றர் அளவினது. தேடுவோர் நோக்கித் தேடினாலன்றிக் கிடைக்காதது. உலர்வலயக் குகை மண்ணை நுண்ணிய சல்லடையில் அரித்தால் சதுரமான ஒரே ஒரு கடைவாய்ப்பல் இவ்வினாவை முடித்துவைக்கும். ஆயிரக்கணக்கான எலி, மூஞ்சூறுப் பற்களுக்கிடையே அத்தகைய பல் ஒன்றேனும் இல்லையாயின் அதுவும் விடையேயாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், மாத்தளையின் சிறு முலையூட்டிகளுக்கு இரண்டே ஆவணங்கள் உள என்பதாம். ஒன்று வாழும் உயிர்; மற்றொன்று குகையின் மண். பாறையில் எழுதப்பட்ட மூன்றாம் படி இங்கில்லை. சீனாவிலோ ஜேர்மனியிலோ ஓர் இனம் அழிந்தாலும் அதன் மூதாதையின் சுவடு ஏரிப் படிவில் எஞ்சக்கூடும். மாத்தளை மலைகளில் ஒரு மூஞ்சூறு அழியுமாயின், அது இருந்தது என்பதையும் அறியவியலாது போகும்.

இவ்விரு ஆவணங்களும் இன்று இடருக்குள்ளாகி இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய நக்கிள்ஸ் காட்டின் கீழ்த்தளத்தை ஏலக்காய்ச் செய்கை குலைத்தது. மூஞ்சூறு வாழ்வது அக்கீழ்த்தளத்தின் சருகிலும் ஈரமண்ணிலுமேயாம். மலைநாட்டு மூஞ்சூறுகள் பல உலகச் செம்பட்டியலில் அழிவை எதிர்நோக்கும் இனங்களாக இடம் பெற்றுள்ளன. 2010 ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் உலக மரபுரிமைப் பகுதியாக்கப்பட்டமை ஆறுதலளிப்பது. ஆயினும் தோட்டங்களுக்கிடையே துண்டு துண்டாய்க் கிடக்கும் ஓடைக்கரைக் காடுகளுக்கு அப்பாதுகாப்பு எட்டுவதில்லை. குகைகளின் நிலையும் அவ்வாறே. புதையல் தேடுவோர் ஓர் இரவில் தோண்டி எறியும் மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளின் அடுக்குகள் கலந்துவிடும். திகிதீரியத்தின் பல்லைப் போன்று, அடுக்குத் தெரியாத பல் காலம் தெரியாத பல்லாகும்.

செய்யத்தக்கவை பெரும் பொருட்செலவு வேண்டுவன அல்ல. குகை அகழ்வுகளில் மண்ணை அரை மில்லிமீற்றர்ச் சல்லடையில் நீர்விட்டு அரித்து, எஞ்சியதை உருப்பெருக்கியின் கீழ் ஆராய்தல் வேண்டும். ஆந்தை கக்கிய உருண்டைகளைத் திரட்டினால் எந்த மலையில் எந்த மூஞ்சூறு வாழ்கின்றது என்பதை ஓர் உயிரையும் கொல்லாமலே அறியலாம். இதனைப் பாடசாலை மாணவரும் செய்தல் கூடும். மூஞ்சூற்றை எலி என்று எண்ணிய நாம் அதனை மூஞ்சூறு என்றே அறிந்துகொள்வது இதன் முதற்படி. கம்மடுவையிலும் இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் வாழும் நம் மாணவரின் வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டில், பல கோடி ஆண்டு மரபின் கிளையொன்று இன்றும் இரவுதோறும் இரை தேடிக்கொண்டிருக்கின்றது. அதனை எழுத்திற் பதிந்து வைப்பது அங்கு வாழ்வோர் கையில் உள்ளது.